ஷம்ஷாத் அம்மா போட்ட கையெழுத்து

மயிலாப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மச்சானுக்கு ஃபிசா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மெஹக்கும் நலம். கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கியிருக்கிறாள். நிச்சயம் அப்பாவைக் கொண்டு பிறக்கவில்லை. உங்களுக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் ஜெயில் ஐயாவுக்கும் என் சலாம்.

உங்கள் விடுதலை மனு விஷயத்தில் ஒரு கூத்து நடந்தது. ரியாத்திலிருந்து ஷரஃபுதீன் அண்ணன் போன் செய்தார். செத்தவர் வீட்டார் மன்னித்ததாக எழுதிக் கொடுத்தால் ஆளை விட்டுவிடுவார்கள், இங்கே அப்படித்தான் என்றார். நானும் நம்பி, போன வெள்ளி பட்டினப்பாக்கம் போய் இனாயத்தைப் பெற்ற ஷம்ஷாத் அம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். பதினோரு வருஷமாக அந்தத் தெருப் பக்கமே போகாதவள்.

நான் எழுதிப்போன மன்னிப்புத் தாளை ஷம்ஷாத் அம்மா இரண்டு தரம் படிக்கச் சொன்னார். தையல் கடைச் சண்டையில் கத்திரியால் நீங்கள் இனாயத்தைக் குத்தியதை நானே என் வாயால் படித்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அன்றே சொன்னேன், கேட்டீர்களா? அவர் அழுதார். பிறகு எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

வக்கீல் புகழேந்தியிடம் ஓடினேன். இது சவுதி இல்லம்மா, பெத்தவங்க மன்னிச்சாலும் இங்கே கதவு திறக்காது, மந்திரிசபை சொல்லணும், கவர்னர் கையெழுத்துப் போடணும் என்றார். ஜனாதிபதிக்கு எழுதட்டுமா என்றேன். மாநில வழக்குதானே, கவர்னரே போதும் என்றார். மனுவை அனுப்பிவிட்டார். நம்பிக்கையாகத்தான் பேசுகிறார்.

செல்லாத தாளுக்காக ஒரு தாயை அழவைத்துவிட்டேனே என்று மனசு கேட்கவில்லை. திரும்பப் போய் உண்மையைச் சொல்லித் தாளை நீட்டினேன். ஷம்ஷாத் அம்மா வாங்கவில்லை. கவர்னரு ஜெயிலத் தொறக்கட்டும், என் புள்ளைக்காக மன்னிக்க அவரு யாரு, நான்ல பெத்தவ என்றார். பிறகு டீ போட்டுக் கொடுத்தார். எவ்வளவு நாளைக்குப் பிறகு நிம்மதியாக ஒரு டீ குடித்தேன் தெரியுமா?

கிளம்பும்போது ஒன்று கேட்டார். வெளிய வந்தா மொதல்ல இங்க வந்துட்டு அப்பால ஊட்டுக்குப் போவச் சொல்லு என்றார். எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் வரும் நாளில் வாசலில் நிற்பதைத்தான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

அதனால் மச்சான், அன்றைக்கு நேரே மயிலாப்பூர் பஸ் ஏறாதீர்கள். பட்டினப்பாக்கம் போங்கள். எவ்வளவு நேரமானாலும் அங்கே இருங்கள். சோறு ஆறிப்போனால் சூடு பண்ணிக்கொள்ளலாம்.

உங்களுக்கும் இனாயத்துக்கும் சேர்த்தே துஆ கேட்கும்,
ஃபிசா