ஏழு சுரங்களுக்குச் சொந்தக்காரன்

செப்டெம்பர் 16, செவ்வாய்

காலை ஓட்டம் முடிந்தது. பள்ளிக்கூட பஸ்ஸைத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் கொப்பியை வைத்து எழுதுகிறேன். 

எட்டு மணியளவில், பின் சீற்றில் இருந்த பெட்டை ஒருத்தி போனில் பாட்டொன்றைச் சத்தமாகப் போட்டாள். வெறும் கிற்றார். ஏழு சுரம். திரும்பவும் அதே ஏழு. இரண்டாவது சுரம் மட்டும் தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி விழுகிறது, படியில் கால் தடுக்கி நிமிர்வது மாதிரி. சிக்னலில் பச்சை விழுந்தும் நான் பஸ்ஸை எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஹோர்ன் அடித்தார்கள்.

அது என்னுடைய ரிஃப், திரும்பத் திரும்ப வரும் கிற்றார்த் துண்டு. 1998இல், சிவபாதம் அண்ணையின் வீட்டு நிலவறையில், கலியாண வீடுகளுக்கு வாசித்த எங்கள் குழுவுக்காக நான் செய்தது. எந்தப் பாட்டு முடிந்தாலும் சனம் அதைத்தான் திரும்பக் கேட்கும்.

இறங்கும்போது அந்தப் பெட்டையிடம் கேட்டேன், ஆர் பாடுவதென்று.

"நதா ஹிஷாம். அஜக்ஸ் ஆள். எல்லாரும் கேக்கினம், உங்களுக்குத் தெரியாதா?"

ஹிஷாம். எங்கள் குழுவில் பேஸ் கிற்றார் வாசித்தவன், இப்போது அஜக்ஸ் நகரில் இருப்பவன். அவனுடைய மகள்.

செப்டெம்பர் 17, புதன்

பதினொரு முறை கேட்டுவிட்டேன். 'இசை: நதா ஹிஷாம்' என்று போட்டிருக்கிறது. வேறு பேர் இல்லை.

நிரோஷினிக்குப் போட்டுக் காட்டினேன். வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"நல்லாத்தானே இருக்கு."

"உது என்ரை."

"ஏழு சுரம்தானே இஞ்சருங்கோ. ஆரும் செய்யலாம்."

கட்டினவளே இப்படிச் சொன்னால்? பிந்தி விழும் அந்த இரண்டாவது சுரத்தை ஆரும் செய்ய முடியாது. அது என் கையெழுத்து.

இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. போன வருடம் மார்க்கம் நகரில் ஒரு கலியாணத்தில் ஹிஷாமைக் கண்டேன். தூரத்தில் நின்று கையை அசைத்தான். கிட்ட வரவில்லை. ஏன் வரவில்லை?

செப்டெம்பர் 20, சனி

நூலகத்தில் நாலு மணித்தியாலம். ரிஃப் பற்றி இருந்ததையெல்லாம் எடுத்து வாசித்தேன். வழக்கென்று வந்தால் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தச் சொல்லே ஜாஸ்காரரிடமிருந்து வந்ததாம். ட்ரம்பெற் ஊதுகிறவர்கள் சின்னத் துண்டொன்றைத் திரும்பத் திரும்ப ஊத, அதன்மேல் ஒருவன் தனியே வாசிப்பான். அதற்கு முன்பே அமெரிக்காவின் தெற்கில் கறுப்பினப் பாடகர்கள் தங்கள் வரிக்குப் பதில் சொல்லக் கிற்றாரை வைத்திருந்தார்கள். பாடகன் ஒரு வரி, கிற்றார் ஒரு வரி. பிறகு மின்கிற்றார். ஓட்டை விழுந்த ஒலிபெருக்கியிலிருந்து வந்த கரகரப்பையே சிலர் வேண்டுமென்று வைத்துக்கொண்டார்கள். பிறகு உலகம் முழுக்க, கிற்றார் கடைக்குள் நுழையும் ஒவ்வொரு பொடியனும் அதே நாலைந்து ரிஃபுகளை வாசிக்க, கடைக்காரர் காதைப் பொத்துகிற காலம்.

ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது? சின்னது, ஒரே தந்தியிலும் வாசிக்கலாம், சொல் வேண்டாம், வாயாலேயே வாசிக்கலாம். என் தம்பிக்குச் சினிமாப் பாட்டில் ஒரு வரி முழுதாகத் தெரியாது. ஆனால் பல்லவிக்கு முன்வரும் கிற்றாரைப் பிழையில்லாமல் 'டிங் டிங்' என்று பாடுவான். திரும்ப வரப்போகிறது என்று தெரிந்தும் காது காத்திருக்கிறது. வந்ததும் சந்தோஷப்படுகிறது.

எனக்குப் பிடிக்காத பக்கமும் இருந்தது. அநேகமான ரிஃபுகளை ஆதியில் ஆர் செய்ததென்று தெரியாதாம். ஒருவன் வாசித்ததை மற்றவன் கேட்டு, மாற்றி, தன் பேரில் போட்டிருக்கிறான். வழக்குகளும் இரண்டு பக்கமும் தீர்ந்திருக்கின்றன.

மற்றவற்றைப் போனில் படமெடுத்தேன்; அந்தப் பக்கங்களை மட்டும் எடுக்கவில்லை.

செப்டெம்பர் 23, செவ்வாய்

பிறம்ரனில் இருக்கும் சிவபாதம் அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவர் ட்ரம்ஸ் வாசித்தவர், ஒவ்வொரு ஒத்திகையையும் கசற்றில் பதிவு செய்தவர். இப்போது லொறிக் கொம்பனி ஒன்றில் வேலை. கசற் இருக்கா என்று கேட்டேன்.

"கிடக்கும். தேடிப் பாக்கிறன்."

ஏனென்று கேட்கவில்லை. கேட்காதது இயல்பா? ஹிஷாம் முந்திக்கொண்டு சொல்லிவைத்துவிட்டானா?

செப்டெம்பர் 28, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிய நேரே அஜக்ஸ் போனேன். சொல்லாமல்தான் போனேன். சொன்னால் கதையைத் தயார் பண்ணிவிடுவான்.

ஹிஷாம் கதவைத் திறந்ததும் கட்டிப்பிடித்தான். தாடி முழுக்க நரை. தேத்தண்ணி வந்தது, சமோசா வந்தது. ஒன்றையும் தொடவில்லை.

"மச்சான், மகளின்ரை பாட்டுத் தொடக்கம் எங்கயிருந்து வந்தது?"

"ஓ, அதா? நதா சின்னப்பிள்ளையா இருக்கேக்க நான் வாயால முணுமுணுத்துத்தான் நித்திரையாக்கிறது. அதை வச்சுச் செய்திருக்கிறா."

"உனக்கு எங்கயிருந்து வந்தது?"

"நாங்க வாசிச்சதுதானே."

"நாங்கள் இல்லை. நான். நான் செய்தது."

சமோசாத் தட்டை என் பக்கம் தள்ளினான். "ஆர் செய்ததெண்டு எனக்கு உண்மையா ஞாபகமில்லை ஜூலியன். உன்ரை எண்டா உன்ரை பேரைப் போடச் சொல்றன்."

இவ்வளவு லேசாக ஒருவன் விட்டுக்கொடுப்பானா? குற்றமுள்ளவன்தான் கொடுப்பான்.

நதா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது, தகப்பனின் கண். "வாப்பா, உங்களுக்கு ஞாபகமில்லை எண்டதுக்காக அவர்ட பேரைப் போடேலாது. அங்கிள், ப்ரூஃப் இருக்கா?"

"என்ரை விரலுக்குத் தெரியும்."

"அது ப்ரூஃப் இல்லை, அங்கிள்."

மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் சுட்டது.

ஒக்ரோபர் 2, வியாழன்

செய்துவிட்டேன்.

பத்தரைக்குத் தமிழ் வானொலியில் நேயர்களோடு நேரடி நிகழ்ச்சி. விருந்தாளி நதா. தகப்பனின் தாலாட்டிலிருந்து எடுத்த மெட்டு என்று அழகாகச் சொன்னாள். அறிவிப்பாளர் சிரித்தார். நான் தரிப்பிடத்தில் பஸ்ஸுக்குள் தனியே இருந்து கேட்கிறேன். தாலாட்டாம்!

வானொலிக்குப் போன் எடுத்தன். உடனே லைன் கிடைச்சிட்டுது. "அது என்ரை ரிஃப். இந்தப் பிள்ளையின்ரை தகப்பன் எங்கட குழுவிலை இருந்து களவெடுத்துக்கொண்டு போனது" எண்டு சொன்னன். களவெடுத்தது எண்ட சொல்லு எனக்கே சத்தமாக் கேட்டுது. பிறகு விளம்பரம் போட்டிட்டினம்.

பின்னேரம் ஹிஷாம் போன் எடுத்தான். கத்துவான் என்று நினைத்தேன்.

"தொண்ணூறில எருக்கலம்பிட்டியில வீடு, வள்ளம், கடை எல்லாத்தையும் விட்டுட்டுக் கையில கிடைச்சதோட வெளிக்கிட்டம். உனக்குத் தெரியும். அப்பகூட எங்களை ஒருத்தரும் கள்ளனெண்டு சொல்லல்ல, ஜூலியன்."

வைத்துவிட்டான்.

மன்னாரில் என் ஊர் பேசாலை. அவன் ஊருக்குச் சைக்கிளில் போகிற தூரம். அந்த வருடம் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது நாங்கள் இருந்தோம், அவர்கள் போனார்கள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அனுதாபம் தேடுகிறான்.

அப்படித்தானே?

ஒக்ரோபர் 8, புதன்

நதாவின் பாட்டைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்குத் தொடக்க இசையாக எடுக்க இருந்தார்களாம். ஆருடையது என்பதில் பிரச்சினை இருக்கிறதென்று கைவிட்டுவிட்டார்களாம். கோயிலில் யாரோ சொல்லி நிரோஷினி வந்து சொன்னாள்.

"இப்ப சந்தோஷமா?"

நியாயம் என்றேன். இரவுச் சாப்பாட்டுக்கு அவள் என்னோடு இருக்கவில்லை.

ஒக்ரோபர் 11, சனி

பிறம்ரன். சிவபாதம் அண்ணை கசற்றை எடுத்து வைத்திருந்தார். 'ஒத்திகை, நவம்பர் 98' என்று அவருடைய கையெழுத்து. இவ்வளவு நாள் ஏன் இழுத்தடித்தார் என்று நேரே கேட்டேன்.

"ராசா, கராச்சுக்குள்ளை முப்பது பெட்டி. எனக்கு இடுப்பு நோ. பிள்ளையள் உதவ வராயினம். வேறை என்ன?"

கேட்டுப் பார்த்தீங்களா என்றேன். கேட்க மெஷின் எங்கே இருக்கிறது என்றார்.

நம்பலாம் போலத்தான் இருந்தது. இருந்தாலும், திரும்பி வருகிற வழியெல்லாம் கசற்றைச் சட்டைப் பைக்குள்தான் வைத்திருந்தேன்.

ஒக்ரோபர் 17, வெள்ளி

பழைய சாமான் கடையில் கசற் பிளேயர் ஒன்று கிடைத்தது. வெறும் பஸ்ஸுக்குள் இருந்து கேட்டேன்.

முதலில் ட்ரம்ஸ் இறுக்கும் சத்தம். ஆரோ இருமுகிறார்கள். பிறகு ஹிஷாமின் குரல், இருபத்தைந்து வயதுக் குரல். "ஜூலியன், இதை ஒருக்கா வாசிச்சுப் பார்." வாயால் பாடுகிறான். ஏழு சுரம்.

பிறகு நான் வாசிக்கிறேன். நேராக, தாளத்தோடு.

"இல்லை மச்சான். ரெண்டாவது பிந்தித்தான் வரோணும்."

"நீ தாளம் பிசகிறாய்."

"பிசகேல்லை. பிந்தட்டும். பிந்திப் பார்."

நான் சிரிக்கிறேன். "உதென்ன மெட்டு? லொறி பின்னுக்கு எடுக்கிற சத்தம் மாதிரி." எல்லாரும் சிரிக்கிறார்கள். அவனும் சிரிக்கிறான். மூன்றாவது முறை வாசிக்கும்போது சரியாகப் பிந்துகிறது.

ஆறுதரம் திருப்பிக் கேட்டன். வேறை மாதிரிக் கேக்காதா எண்டு. கேக்கேல்லை.

விரலுக்குத் தெரியும் என்று சொன்னேன். விரலுக்குத் தெரிந்தது வாசித்தது மட்டும்தான். எங்கிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியாது. எப்போது என்னுடையதானது? முதல் கைதட்டலிலா? பத்தாவது கலியாணத்திலா? நான் பொய் சொல்லவில்லை. இருபத்தேழு வருடமாக நம்பியிருக்கிறேன். அது பொய்யை விட மோசம்.

ஹிஷாமுக்கு உண்மையாகவே ஞாபகமில்லை. சிவபாதம் அண்ணை கேட்கவில்லை. கசற் என் பையில்.

ஆருக்கும் தெரியாது.

ஒக்ரோபர் 18, சனி

நிரோஷினி கேட்டாள், கசற்றில் என்ன இருந்தது என்று. தெளிவில்லை என்றேன்.

ஒக்ரோபர் 20, திங்கள்

கசற் நாடா தற்செயலாக அறுந்துபோவதும் உண்டுதானே — இப்படி நினைக்கிறவனா நான்? இத்தனை நாளும் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். கவனித்திருக்க வேண்டியவன் இங்கே இருந்திருக்கிறான்.

ஒக்ரோபர் 22, புதன்

பின்னேர ஓட்டம் முடிந்ததும் அஜக்ஸ். 401 நெடுஞ்சாலை முழுக்க அடைத்துக் கிடந்தது. திரும்பிவிடலாம் என்று இரண்டு வெளிவழிகளில் நினைத்தேன்.

ஹிஷாம் கதவைத் திறந்தான். இந்தமுறை கட்டிப்பிடிக்கவில்லை. உள்ளே வா என்று மட்டும் சொன்னான். நதாவையும் கூப்பிடச் சொன்னேன். மேசையில் பிளேயரை வைத்துப் போட்டேன். 

லொறிச் சத்தம் என்று நான் சிரிக்கிற இடத்தில் எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஹிஷாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும், "அல்லாஹ், என்ட குரலா இது?" என்றான். பிறகு, "எனக்கு உண்மையாவே ஞாபகமில்லை மச்சான்."

"தெரியும். எனக்குத்தான் பிழையா ஞாபகம்."

நதா சிரிக்கவில்லை.

"அங்கிள், இதை எப்ப கேட்டனீங்கள்?"

"வெள்ளிக்கிழமை."

"இண்டைக்குப் புதன்."

ஓம் என்றேன்.  அந்த ஐந்து நாளை அவள் கணக்கில் எடுத்துவிட்டாள். சரியாகத்தான் எடுத்தாள்.

"தொடர் போனது போனதுதான். நான் அதைக் கேக்கேல்ல. ரேடியோவில நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னீங்கள். என்ட உம்மா கடைக்குப் போகேக்க ஆக்கள் அதைக் கேக்கினம். சொன்ன இடத்திலயே திருப்பி எடுங்கோ. மற்றது எனக்குத் தேவையில்லை."

"விடு மகள்," என்றான் ஹிஷாம்.

"இல்லை வாப்பா. நீங்க எல்லாத்தையும் விட்டுருவீங்க."

ஒக்ரோபர் 30, வியாழன்

லைன் கிடைக்க நாற்பது நிமிடம் எடுத்தது. போன முறை உடனே கிடைத்தது.

எழுதி வைத்து வாசித்தேன். என் பேர் ஜூலியன். அந்த மெட்டை 98இல் செய்தது ஹிஷாம். பதிவு இருக்கிறது. அவனைக் கள்ளன் என்று சொன்னது நான். அது பொய். கசற்றைக் கேட்ட பிறகும் ஐந்து நாள் மறைத்தேன். இதையும் சொன்னேன். அறிவிப்பாளர் நன்றி நேயரே என்றார்.

பிறகு, முன்கூட்டியே நிலையத்துக்கு அனுப்பியிருந்த கசற் துண்டைப் போடச் சொல்லிக் கேட்டேன். போட்டார்கள். லொறிச் சத்தம் என்று நான் சொன்னது உட்பட.

வீட்டுக்கு வந்தபோது மேசையில் இரண்டு கோப்பை போட்டு நிரோஷினி உட்கார்ந்திருந்தாள். தேத்தண்ணியை ஊற்றினாள்.

நவம்பர் 4, செவ்வாய்

'இசை: நதா ஹிஷாம், ஹிஷாம்' என்று மாற்றியிருக்கிறது. பஸ்ஸில் பெட்டைகள் வேறு பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

நவம்பர் 16, ஞாயிறு

இரண்டு மணிக்கு ஹிஷாம் வந்தான். பேஸ் கிற்றாரின் உறையில் இன்னும் பழைய விமான நிலையச் சீட்டு ஒட்டியிருந்தது. நதா காரிலேயே இருந்துகொண்டு, ஐந்து மணிக்கு வாறன் எண்டாள். நான் கையசைத்தேன். தலையை ஆட்டினாள்.

முதல் ஒரு மணித்தியாலம் சுருதி கூட்டவே போனது. பிறகு தாளம் பிசகிறாய் என்று அவன் என்னைப் பேசினான். அவன் பேசியது சரிதான்.

ஐந்து மணிக்கு வந்தவள், ஏழு மணிக்குத்தான் தகப்பனைக் கூட்டிக்கொண்டு போனாள். இடது கை விரல் நாலும் எரியுது. பேனை பிடிக்கிறது மற்றக் கைதானே, எண்டாலும் எழுதினது காணும் இண்டைக்கு.