சுவரில் வைக்காத கல்

அக்கா,

இன்று பின்னேரம் உங்கள் மகள் வந்து, ஒரு சின்னத் துணிப்பையை என் குசினி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே ஒரு கூழாங்கல். புளியங்கொட்டை அளவுதான், சாம்பல் நிறம், ஒரு பக்கம் தட்டை. கையில் எடுத்ததும் உங்கள் கைப்பை வாசம் அடித்தது, அந்த எலுமிச்சைக் கொலோன். நான் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன்.

2009 இல் செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் பிஸ்கட் பெட்டி அடுக்கும் வேலைக்கு நான் வந்தபோது, பக்கத்துப் பக்கத்தில் நின்றும் ஒரு மாதமாக நாம் பேசவில்லை. சூப்பர்வைசரின் பிறந்தநாள் கேக்தான் நம்மைப் பேச வைத்தது. அவர் கன்னத்தை உப்பவைத்து மெழுகுதிரிகளை ஊதி அணைத்தார், எல்லோரும் கைதட்டினார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்த்தால், மேசையின் மறுபக்கம் நீங்களும் திருப்பிக்கொண்டு நிற்கிறீர்கள்.

"உன் வீட்டிலும் ஊதக்கூடாதா?" என்று கேட்டீர்கள்.

ஊதினால் அம்மாவிடம் அடிதான், பூவால் தொட்டுத்தான் அணைப்போம் என்றேன். "நாங்கள் விரலால். அணைத்தோம் என்றுகூடச் சொல்வதில்லை. ஒளியை ஓய்வெடுக்க வைத்தோம் என்போம்" என்றீர்கள். இரண்டு பேரிடமும் இருந்தது உடைந்த ஆங்கிலம். அதற்குள் இதை எப்படிச் சொல்லி முடித்தீர்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

என் மெரிலேண்ட்ஸ் வீட்டுக்கு நீங்கள் முதல்முறை வந்த அன்று வாசலில் குனிந்தீர்கள். எதையோ தவறவிட்டுத் தேடுகிறீர்கள் என்று நான் டோர்ச் எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால் நிலையைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வாடகை வீடு அக்கா, கறையான் தின்ற நிலை, இதற்குப் போய் மரியாதையா என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்து, பெக்தாஷி என்ற சூஃபி ஞானியரின் வழியில் பிறந்தவர்களுக்கு எந்த வாசலும் பெரியவரின் வாசல்தான் என்றீர்கள்.

அன்றுதான் துருக்கியில் உங்கள் ஊர்ப் பெரியவரின் சமாதியைப் பற்றிச் சொன்னீர்கள். பக்கத்து முசுக்கட்டை மரத்தில் பெண்கள் துணி முடிவார்களாம். கூழாங்கல்லைச் சமாதிச் சுவரில் வைத்து அழுத்துவார்களாம், ஒட்டி நின்றால் கேட்டது கிடைக்கும், விழுந்தால் இல்லை. வெளியே வரும்போது பெரியவருக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடப்பார்களாம். அம்மன் கோயில் மரத்தில் நானும் துணி முடிந்தவள்தான். பெயரே தெரியாத ஒரு ஊரில் யாரோ ஒருத்தி அதே முடிச்சைப் போடுகிறாளே என்று வெகுநேரம் உங்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் என் தம்பி இந்த நாட்டுக்கு வரக் களவாகப் படகேறினான். இரண்டு கிழமையாக ஒரு சத்தமும் இல்லை. அதே நாட்களில்தான் உங்கள் வயிற்றுக் கட்டி பரவிவிட்டது என்று டொக்டர் சொன்னார். நீங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டீர்கள். "ஒரு கல்லுக்கு ஒரு வேண்டுதல். உன் தம்பிக்கு ஒன்று, எனக்கு ஒன்று" என்றீர்கள்.

அங்கிருந்து போன் எடுத்து, "உன் தம்பியின் கல் ஒட்டிவிட்டது" என்றீர்கள். உங்களுடைய கல்லும் ஒட்டியதா என்று கேட்டேன். "எல்லாம் நல்லபடி" என்றீர்கள். நானும் நம்பினேன். நாலாம் நாள் கிறிஸ்மஸ் தீவு அகதி முகாமிலிருந்து தம்பி போன் எடுத்தான். "அக்கா, நான் வந்து சேர்ந்திட்டன். அழாதைங்கோ" என்றான். நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். கல் ஒட்டியதால்தான் அவன் கரை சேர்ந்தானா என்று எனக்குத் தெரியாது. யாராவது இல்லை என்று சொன்னால் சண்டைக்குப் போவேன், அவ்வளவுதான்.

இந்த வருஷம், இங்கே குளிர் கொட்டுகிற ஆடியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இன்று உங்கள் மகள் தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் சொன்னாள். "உங்களிடம் சொல்லவேண்டாம் என்றுதான் அம்மா சொன்னா, அன்ரி. உங்கள் தம்பியின் கல் விழுந்துகொண்டே இருந்தது. ஐந்து தடவை. அம்மாவால் நிற்கவே முடியவில்லை, நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். ஆறாவது தடவைதான் ஒட்டியது. இனி உங்களுடையதை வையுங்கள் என்றேன். இன்றைக்கு இவ்வளவு கேட்டதே போதும், பெரியவர் களைத்துப்போவார் என்று சிரித்துவிட்டு இந்தக் கல்லைப் பைக்குள் போட்டா. அடுத்த நாள் அவவால் எழும்பவே முடியவில்லை."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான் அக்கா. என் தம்பியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை நீங்கள். ஒரு தடவை விழுந்ததும் விட்டுவிட்டு உங்கள் கல்லை எடுத்திருக்கலாமே. யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? கோபம் ஆறிய பிறகு அந்தச் சுவரையும், கல்லை அழுத்திய உங்கள் பெருவிரலையும் நினைத்துப் பார்த்தேன். இப்படியும் ஒரு மனுஷி எனக்குப் பக்கத்தில் நின்று நாலு வருஷம் பெட்டி அடுக்கியிருக்கிறாள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

தம்பி இப்போது, முடிவு வரும்வரை தருகிற பிரிட்ஜிங் விசாவில் என்னோடுதான் இருக்கிறான். வேலையால் வந்தவன் கல்லைக் கண்டு, நடந்ததைக் கேட்டு, அதை எடுக்கக் கை நீட்டினான். பிறகு, "இதை எங்கட கோயில் சுவரில வச்சுப் பாப்பமே அக்கா? விசாவுக்கு" என்றான்.

"அதில கை வையாதை" என்றேன். என் குரலுக்கு நானே பயந்துபோனேன்.

சாமி விளக்கை இன்று பூவால் அணைக்கவில்லை. உங்களைப்போல விரலால் ஓய்வெடுக்க வைத்தேன், நன்றாகச் சுட்டது. நாளைக்கு வேலைக்குப் போகும்போது கல் என் அங்கிப் பையில் வரும். தம்பிக்கு விசா கிடைக்காமல் போனாலும் அதை எந்தச் சுவரிலும் வைக்கமாட்டேன். அது உங்கள் முறை அக்கா. ஒருதடவை நாங்கள் எடுத்துக்கொண்டது போதும்.