பத்தாவது கை

எங்கள் வீட்டுக்கு வாழ வந்து, என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்ட மதினிக்கு,

நல்லா இருக்கீங்களா என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. நீங்கள் போய் இத்தனை வருஷமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. அண்ணன் நன்றாக இருக்கிறார். மூடி உடைந்துபோனதென்று ரிட்டையர் ஆகும்போது நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்களே, அந்த நீலப் பெட்டி, அதில் மோர்ச் செம்பை வைத்துக்கொண்டு தினமும் தோட்டத்துக்குப் போகிறார். மத்தியானம் வரைக்கும் சில்லென்று இருக்கிறதாம். நான் திருப்பரங்குன்றத்தில் மகள் செல்வியோடு இருக்கிறேன். சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, வாய் குறையவில்லை.

ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். இன்றைக்குக் காலையில் மதுரையிலிருந்து ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தாள். கொரோனா ஊசி இன்னொரு தடவை போட்டுக்கொள்ளலாமா என்று போன மாதம் விசாரித்து, பேரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். இப்போது அது கேட்டவுடன் கிடைக்கிற சாமான் இல்லை மதினி. முகாமும் கிடையாது, பள்ளிக்கூட வாசலில் வரிசையும் கிடையாது. முகமூடியை ஜனங்கள் அப்போதே மறந்துவிட்டார்கள்.

அந்தப் பெண் சொன்னாள்: "அம்மா, ஒரு பாட்டிலத் திறந்தா பத்துப் பேருக்குப் போடணும். திறந்துட்டா நாலு மணி நேரந்தான். வெள்ளிக்கிழமை வாரோம்னு ஒம்போது பேரு சொல்லிட்டாக. நீங்க வந்தா பத்து. வாரீங்களாம்மா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பத்தாவது ஆள். ஏன் உட்கார்ந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். பிற்பாடு இதை எடுத்துப் படிக்கிறவர்களுக்குத்தான் தெரியாது, அவர்களுக்காகவும் சொல்கிறேன்.

என் மதினி கிராம சுகாதார நர்ஸ். திருமங்கலத்துக்கு மேற்கே ஏழெட்டு ஊர்களுக்கு முப்பது வருஷத்துக்கு மேலாக ஊசி போட்டவர். விடியற்காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், நாலு பக்கமும் ஐஸ் வைத்த நீலப் பெட்டியில் மருந்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார். பஸ் போகாத ஊருக்கு நடை. சித்திரை வெயிலிலும் ஒரு குடை வைத்திருப்பார், அந்தக் குடை அவர் தலைக்கு மேல் இருக்காது. பெட்டிக்கு மேல் இருக்கும். "எனக்கு வேர்த்தா துடைச்சுக்கலாம். அதுக்கு வேர்த்தா உசிரு போயிரும்" என்பார். நான் தாலுகா ஆபீசில் ஃபேனுக்கு அடியில் டைப் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. அப்போது எனக்கு இது ஒரு வேடிக்கை. இப்போதுதான் உறைக்கிறது. வெறும் கண்ணுக்குத் தண்ணீராகத் தெரிகிற ஒன்றுக்கு உயிர் இருக்கிறதென்று நம்பி ஒருத்தி முப்பது வருஷம் குடை பிடித்திருக்கிறாள்!

செல்வியின் இடது புஜத்தில் நீங்கள் போட்ட ஊசியின் தழும்பு இருக்கிறது மதினி, சின்னதாக, வட்டமாக. நேற்று அவள் துணி காயப்போடும்போது பார்த்தேன். அவளுக்கு நாற்பது வயதாகிவிட்டது. கல்யாண வீட்டில் தெரிந்த பெண்கள் கை தூக்கிப் பூ வைக்கும்போதும் என் கண் அங்கேதான் போகிறது. அந்தப் பக்கத்து ஊர்களில் எத்தனை கைகளில் உங்கள் விரல் பட்டிருக்கும்? அண்ணனிடம் கேட்டால், "வானத்து மீனை எண்ணு மொதல்ல" என்கிறார்.

இப்பேர்ப்பட்டவரின் நாத்தனாருக்கு ஊசி என்றால் பயம். பிள்ளைப்பேற்றுக்குப் போனபோதுகூட நர்சை அறைக்குள் விடாமல் கத்தியவள் நான். நீங்கள் வந்து கையைப் பிடித்த பிறகுதான் அடங்கினேன்.

கொரோனா இரண்டாம் தடவை வந்த வருஷம் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். நீங்கள் ரிட்டையர் ஆகி வருஷங்கள் ஆகியிருந்தும் காலையிலேயே போய் வீடு வீடாக ஆள் கூட்டினீர்கள். அதே வாரம் மாரியம்மன் பொங்கல். நான் அம்மன் கோயில் பக்கம் முளைப்பாரி வீட்டில் இருந்தேன். இருட்டறையில் ஓடுகளில் பயறு வெள்ளை வெளேரென்று முளைத்துக்கொண்டிருந்தது, தண்ணீர் தெளிக்கும் பொறுப்பு என்னுடையது. மத்தியானம் போன் செய்தீர்கள்.

"பேச்சி, பாட்டில்ல ஒண்ணு மிச்சம் இருக்கு. இன்னும் ஒரு மணி நேரந்தான். ஓடி வா."

நான் என்ன சொன்னேன்? "காப்புக் கட்டியிருக்கு மதினி. முளைப்பாரி எடுக்குறவ உடம்புல ஊசி ஏத்தக் கூடாது. சாமி குத்தம்" என்றேன்.

அந்தப் பக்கம் யாரிடமோ மணி கேட்டீர்கள். பிறகு, "சரித்தா, சாமி கும்பிட்டு முடியட்டும். நானும் போடல. ரெண்டு பேரும் சேர்ந்தே திருமங்கலம் போயிப் போட்டுக்குவோம்" என்றீர்கள். மிச்சமிருந்த அந்த ஒன்றை, ரோட்டில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த பெரியவரைக் கூட்டிப்போய்ப் போட வைத்தீர்கள்.

முளைப்பாரியைக் கரைத்துவிட்டு வந்த அன்று உங்களுக்குக் காய்ச்சல். பன்னிரண்டாம் நாள் நீங்கள் இல்லை. முகத்தைக்கூடக் காட்டவில்லை.

மதினி, இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். காப்பு என் கையில் கட்டவில்லை, பூசாரி கையில்தான் கட்டியிருந்தது. முளைப்பாரிக்காரி ஊசி போடக் கூடாதென்று எந்தப் பூசாரியும் சொன்னதில்லை. தாளிக்கக் கூடாது, ஊர் எல்லை தாண்டித் தங்கக் கூடாது, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் எல்லைக்குள்தானே இருக்கிறது? எனக்குப் பயம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் ஆத்தாளையே கோணலாக்கினேன். நீங்கள் அதை நம்பிக் காத்திருந்தீர்கள்.

அதற்குப் பிறகு நான் ஊசி போட்டுக்கொண்டேன். இரண்டு, அப்புறம் பூஸ்டர் ஒன்று. மூன்று தடவையும் செல்வி கையைப் பிடித்துக்கொண்டாள், மூன்று தடவையும் அழுதேன். வலிக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இப்போது நாலாவது. போடவா, வேண்டாமா? எதிர்வீட்டுக்காரர் செல்போனில் வீடியோ வீடியோவாகக் கொண்டுவந்து காட்டி, "ஊசி போட்டவுகதான் பொத்து பொத்துன்னு விழுகுறாக" என்கிறார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? செல்வியோ, "உனக்கு சுகர் இருக்கும்மா, டாக்டர்ட்டக் கேளு, வீடியோட்டக் கேக்காத" என்கிறாள்.

டாக்டரிடம் கேட்டேன். சின்ன வயதுப் பெண், நிதானமாகப் பேசுகிறவள். "கட்டாயம்னு சொல்ல மாட்டேம்மா. உங்க வயசுக்கும் சுகருக்கும் போட்டுக்கிட்டா கொஞ்சம் காப்பா இருக்கும். கடைசியா போட்டு ரொம்ப நாளாச்சு. போட்டுக்கிட்டாலும் காய்ச்சலே வராதுன்னு இல்ல, பெருசாகாம இருக்க உதவும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். நான் வாய் தவறி, "பாவத்துக்கும் சேர்த்து ஏதாச்சும் ஊசி இருக்கா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "அதுக்காகன்னா போடாதீங்க. உங்க உடம்புக்குன்னா போடுங்க" என்றாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இந்த ஊசி என் உடம்புக்கா, உங்களுக்குச் செய்கிற பரிகாரமா? பரிகாரம் என்றால் அதிலும் பாதி பொய் இருக்கிறதே. முதலில் உண்மையைச் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். நாளைக்கு அண்ணனைப் பார்க்கப் போகிறேன். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

*

மதினி, இன்றைக்கு சனிக்கிழமை. இடையில் மூன்று நாள் ஓடிவிட்டது.

புதன்கிழமை அண்ணனிடம் போனேன். தோட்டத்தில் உங்கள் பெட்டியைத் திறந்து மோர் கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எனக்குக் காப்பும் இல்லை, சாமி குத்தமும் இல்லை, பயந்துபோய்ச் சொன்ன பொய், அதனால்தான் மதினி போனார் என்று. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணன் செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "அவளுக்குத் தெரியும்ல" என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் சிரிச்சா. 'காப்பும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல, ஒங்க தங்கச்சிக்கு ஊசின்னா பயம். நான் இன்னைக்குப் போட்டுட்டு வந்தா அவ எந்த சென்மத்துலயும் போட மாட்டா. கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு'ன்னா. நாலு நாள்ல என்ன ஆயிரப் போகுதுன்னு நானும் சும்மா இருந்துட்டேன். என் தப்ப நான் யாருட்டப் போயிச் சொல்ல?"

வரப்பில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டார்.

தெரிந்தே காத்திருந்தீர்களா மதினி? நான் சொன்னது பொய்யென்று தெரிந்து, அதை ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல், என் பயத்துக்கும் குடை பிடித்தீர்களா? இரண்டு நாளாக நான் தூங்கி எழுவதெல்லாம் இந்த ஒரு நினைப்போடுதான். கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபோதுகூட எனக்கு இப்படி மேல் சிலிர்த்தது இல்லை. இத்தனை பெரிய மனசோடு ஒரு ஆள் நம் வீட்டு அடுப்படியில் ரசம் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார், நான் உப்புப் போதவில்லை என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

திரும்புகிற வழியில் நுங்கு விற்கிறவரைப் பார்த்தேன். இன்னமும் இருக்கிறார், பல்தான் போய்விட்டது. "அந்தம்மா கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போச்சு, நுங்கெல்லாம் காயுதுன்னு கத்துனேன், கேக்கல" என்று சிரித்தார். அவருக்கு எதுவும் தெரியாது. ஆறு நுங்கு வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் ஏறியதும் நர்சுக்குப் போன் செய்தேன். "வெள்ளிக்கிழமை வாரேன்த்தா" என்றேன். பாவத்துக்காக இல்லை. எழுபது வயது, சர்க்கரை, டாக்டர் சொன்ன காரணம், அது போதும்.

நேற்று போனோம். பத்துப் பேரும் என் வயதுக்காரர்கள், மருந்துச் சீட்டுப் பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் எண்ணிப் பார்த்துவிட்டுப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். என் சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. அதற்குள் பத்துப் பேர் உடம்புக்குச் சொல்ல வேண்டிய சேதி இருக்கிறதாம். நான் எழுந்தே நின்றுவிட்டேன். செல்வி, "உக்காரும்மா, இன்னும் கூப்பிடல" என்றாள்.

எட்டுப் பேருக்கு முடிந்தது. ஒன்பதாவதாகத் திருவாதவூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். மகனோடு வந்திருந்தார். பேரைக் கூப்பிட்டதும் முந்தானையைத் தோளோடு இழுத்து மூடிக்கொண்டார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைய்யா. வெள்ளிக்கிழமை அதுவுமா ஒடம்புல ரத்தம் பாக்கக் கூடாது. சாமிக்கு ஆகாது" என்றார். மகன் தலையில் அடித்துக்கொண்டார். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அது நான் சொன்னதேதான் மதினி. என் குரலையே வேறொரு வாயிலிருந்து கேட்டேன்.

அந்த அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "வேணாம்னா வேணாந்தா, யாரும் இழுக்கப் போறதில்ல. ஆனா வெள்ளிக்கிழமையா, பயமா? அத மட்டும் சொல்லுங்க" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி, "பயந்தான்" என்றார்.

"எனக்கும் பயந்தான்" என்றேன்.

"அப்பச் சரி, ஒங்களுக்கும் பயம்னா இன்னைக்கு ரெண்டு பேருக்கும் வேணாம். இன்னொரு நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து வருவோமா?" என்றார்.

நீங்கள் அப்படித்தான் சொன்னீர்கள் மதினி. அந்த ஒரு வாசகத்தில்தான் உங்களைத் தொலைத்தோம். நான் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து, ரவிக்கைக் கையை நானே சுருட்டிவிட்டேன். செல்வி ஓடிவந்தாள். "நீ வேணாம்டி" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே போட்டுக்கொண்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஊசி உள்ளே போவதைப் பார்த்தேன். எத்தனை சின்னது அது!

பஞ்சை அழுத்திக்கொண்டே அந்த அம்மாவிடம் வந்தேன்.

"வலிச்சுச்சா?"

"எறும்புக் கடிதான்."

"பொய்யி சொல்லாதீக."

"வலிச்சுச்சு. ஆனா போயிரும்."

முந்தானையைத் தோளிலிருந்து விலக்கினார். பிறகு ஒரு கையை நர்சிடம் நீட்டினார், இன்னொரு கையை என்னிடம். கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நகம் பதிகிற அளவுக்கு அவரும் பிடித்தார். அவர்தான் பத்தாவது.

இதை எழுதும்போது இடது கை கனக்கிறது, லேசாகக் காய்ச்சல் இருக்கிறது. செல்வி கஞ்சி வைத்துக்கொண்டிருக்கிறாள். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வாழ்க்கையில் நீங்கள் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். நீங்கள் முதலில் போட்டுக்கொண்டு வந்து, அப்புறம் என் கையைப் பிடித்திருக்க வேண்டும்.

அடுத்த தடவை டாக்டர் வேண்டும் என்றால் போவேன், வேண்டாம் என்றால் பேசாமல் இருப்பேன். எதுவானாலும் இனி என் பயத்துக்கு ஆத்தா பேரை வைக்க மாட்டேன். பயம் என்றே சொல்வேன். பயப்படுகிற யாரையாவது பார்த்தால், முதலில் என் கையை நீட்டிவிட்டு, பிறகு அவர்கள் கையைப் பிடிப்பேன். இது உங்கள் நீலப் பெட்டி மேல் சத்தியம் மதினி.

நீங்கள் காத்திருந்த நாத்தனார்,
ஊசி போட வந்து சேர்ந்துவிட்டாள்,
பேச்சியம்மாள்