பாட்டு நின்ற பிறகு கிட்டார் சொல்வது

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய அண்ணி ஸ்டெல்லா அவர்களுக்கு,

நாத்தனார் ஜெபமணி வணக்கம் கூறி எழுதுவது. தாங்கள் மறைந்து இரண்டு வருடம் நிறையப்போகிறது. முதல் கடிதத்தை இப்போதுதான் எழுதுகிறேன். இத்தனை தாமதம் முறையல்ல என்பதை அறிவேன். மன்னிக்கவும். எழுத உட்காரும்போதெல்லாம் எதைச் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன். இப்போது சொல்லச் செய்தி இருக்கிறது. கேட்க ஒரு கேள்வியும் இருக்கிறது.

இதை நம் சபை மலரில் அச்சிடுவதாகப் போதகர் சொல்லியிருக்கிறார். மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் தங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் நான் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர்ச் செய்தி. தாங்கள் போன அந்த வருடமே, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில், கடல் ஊருக்குள் வந்தது. குப்பத்தில் நமக்குத் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் யார் யார் என்று நான் எழுதவில்லை. தாங்கள் அங்கே பார்த்திருப்பீர்கள். உப்பளப் பாத்திகளில் சேறு ஏறிவிட்டதால் அடுத்த பருவத்தில் வெகுநாள் வரை உப்பு வார முடியவில்லை. மேஸ்திரியாக நின்று ஆட்களை ஏவிக்கொண்டிருந்த அண்ணன், தாமே மண்வெட்டியை எடுத்துச் சேறு வழித்தார். நம் வீடு மேட்டில் இருப்பதால் தப்பியது. தங்கள் கிட்டார் பரண்மேல் பழைய போர்வைக்குள் பத்திரமாக இருந்தது. உப்புக்காற்றில் முறுக்காணிகள் மட்டும் துருப்பிடித்திருந்தன. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்தேன்.

முதலாண்டு நினைவு ஜெபத்தன்று வழக்கப்படி தங்கள் பொருள்களைப் பிரித்துக் கொடுத்தோம். புடவைகள் தங்கள் தங்கைக்கும், தையல் இயந்திரம் பக்கத்து வீட்டுக்கும் போயின. கிட்டாரைக் கேட்டுப் பாடகர் குழுவிலிருந்து வந்தார்கள். "அது இருக்கட்டும்" என்றார் அண்ணன்.

மரக்காணத்தில் இரண்டு பெண்கள் ஜெர்மன் பாட்டுப் பாடிய கதையை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். முதலியார்சாவடியில் வைத்தியம் பார்த்துவந்த ஜெர்மன் அம்மாள் ஒருவர், தம்மிடம் நர்ஸாக இருந்த அண்ணியிடம் கிட்டாரையும் ஒரு பாட்டுப் புத்தகத்தையும் விட்டுவிட்டு நாடு திரும்பினார். அந்தப் புத்தகத்தில் பாட்டின் கீழேயே கிட்டார் வாசிப்பும் அச்சாகியிருந்தது. அந்நாட்டில் இப்பாட்டுகளுக்குப் பியானோதான் வழக்கம். ஆனால் பியானோ இல்லாத வீடுகளில் கிட்டாரோடும் பாடினார்களாம். நம் வீடும் பியானோ இல்லாத வீடுதானே? நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எவரும் எனக்கு ஜெர்மன் கற்றுக்கொடுக்கவில்லை. புதுச்சேரிப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அகராதியையும் ஒலிநாடாவையும் வைத்துக்கொண்டு, என் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்து, ஆட்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் நானே கற்றேன். வாயை ஊகாரத்துக்குக் குவித்துக்கொண்டு ஈகாரம் சொல்ல வேண்டிய எழுத்து ஒன்று அம்மொழியில் உண்டு. நான் அதைப் பழகும்போது லாரிக்காரர் ஒருவர் கண்ணாடிக் கதவைத் திறந்து, "யக்கா, பல்லு வலின்னா கிராம்பு வெச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தாங்கள் அதைக் கேட்டு அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தது எனக்கு இன்றும் கேட்கிறது.

இந்தப் பாட்டுகளைக் கேட்கத் தெரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று. கீர்த்தனையைப் போல ஒரு வரியைத் திரும்பத் திரும்ப எடுத்து அழகு பார்க்க இதில் இடமில்லை. பெரும்பாலும் ஒரு சொல் ஒரு முறைதான் வரும். அந்த முறையே அது தன் வேலையை முடித்துவிட வேண்டும். கிட்டார் பாடுகிறவருக்குத் துணைக்கு வருவதில்லை. பாடுகிறவருக்குத் தெரியாத ஒன்றை அது தெரிந்துவைத்திருக்கிறது. பாட்டு நின்ற பிறகும் கிட்டார் சிறிது நேரம் தனியே பேசி முடிப்பது அதனால்தான்.

ஆற்றங்கரைப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கரைப் படகுக்காக ஒரு பெண் காத்திருக்கிறாள். வரவில்லை, வரவில்லை என்கிறாள். பாட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. பிறகு கிட்டார் மட்டும் தண்ணீராக ஓடுகிறது. தாங்கள் அந்தக் கடைசி இடத்தில் மெல்ல நிதானிப்பீர்கள். ஓட்டம் தளர்ந்து, ஒவ்வொரு சுரமாகக் கீழே இறங்கி, அமரும். "அண்ணி, படகு கரைக்கு வந்துடுச்சு" என்று ஒரு நாள் சொன்னேன். தாங்கள் கையைப் புடவைக்குள் சுருட்டிக்கொண்டு, "நல்லா சொன்ன ஜெபா" என்றீர்கள். அன்றிலிருந்து அந்தப் பாட்டு எனக்குச் சோகப் பாட்டாக இல்லை.

இனிப் புதிய செய்தி. குப்பத்தில் வீடு கட்டிக்கொடுக்க வந்த வெளிநாட்டாரில் உர்சுலா என்ற ஜெர்மன் அம்மையார் தம் ஊருக்குப் பேச என் பூத்துக்கு வந்தார். சற்றுக் காத்திருக்கும்படி அவரிடம் ஜெர்மனில் வேண்டிக்கொண்டேன். அவர் போனையே மறந்துவிட்டார். நான் சொன்னது நூறு வருடத்துக்கு முந்தைய கவிதை நடையாம். நம் ஊரில் ஒருவர் வெண்பாவில் டீ கேட்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பிறகு இரண்டு வரி பாடிக்காட்டினேன். வேலை முடிந்து அவர்கள் நாடு திரும்புமுன் புதுச்சேரியில் ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தப்போவதாகவும், அதில் நான் பாட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

யார் வாசிப்பது? அதுதான் கேள்வி. கோட்டக்குப்பத்தில் பஷீர் என்றொருவர் இருக்கிறார். துபாயில் ஏசி வேலை பார்த்துத் திரும்பியவர். கல்யாணக் கச்சேரிகளில் கிட்டார் வாசிப்பவர். அவரிடம் கிட்டார் உண்டு, ஆனால் அது மின்சாரத்தில் பேசுவது. ஆகவே அண்ணனிடம் தங்கள் கிட்டாரைக் கேட்டேன். பரணை நிமிர்ந்து பார்த்தார். "எடுத்துக்கினு போ. ஆனா இங்க வெச்சி வாசிக்க வேணாம்" என்றார்.

ஆகவே ஒத்திகைகள் பஷீர் வீட்டு மாடியில் நடந்தன. அவருக்குச் சுரத்தாள் வாசிக்க வராது. நான் ஒவ்வொரு சுரமாகப் பாடிக்காட்ட, அவர் கையால் பிடித்துக்கொண்டார். கை நல்ல கை. இடைவெளி கண்டால் எதையாவது நிரப்பிவிடும் என்பது ஒன்றே குறை.

"தம்பி, இப்போது போட்டீரே, அது எதற்கு?"

"சும்மா ஒரு ஃபில்லிங்க்கா. காலியா இருந்திச்சி."

"அது காலியாக இருக்க வேண்டிய இடம்."

"சரிக்கா. ஆனா நீங்க பாடி முடிச்சப்புறமும் நான் மட்டும் தனியா வாசிச்சிக்கினு இருக்கணும்னு சொல்றீங்களே, கல்யாண வீட்டுல அப்படி செஞ்சா ஜனம் பந்திக்குப் போயிடும்க்கா."

ஆற்றங்கரைப் பாட்டின் கடைசி இடத்தை அவர் நேராக, ஒரே ஓட்டமாக வாசித்தார். நான் விடவில்லை. தாங்கள் நிதானித்தபடியே நிதானிக்க வைத்தேன். எந்தச் சுரத்தில் தளர வேண்டும், எங்கே சற்றுத் தயங்க வேண்டும் என்று என் காதில் இருந்ததை எல்லாம் அவர் விரலுக்குக் கொண்டுவரும் வரை நான் ஓயவில்லை. "இவ்ளோ கறாரா எங்க அரபி மொதலாளிகூட வேல வாங்கல" என்றார் அவர். இறுதியில் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டால் தாங்கள்தான்.

நிகழ்ச்சிக்கு நம் சபையார் ஒரு வேன் நிறைய வந்தார்கள். அண்ணனும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முதலில் மழைக்காலைப் பாட்டு. என் குரல் நின்றதுதான் தாமதம், சபையில் தனிப்பாட்டு முடிந்தால் செய்கிற வழக்கப்படி, மரக்காணத்தார் அத்தனை பேரும் ஒரே குரலில் "ஆமென்" என்றார்கள். கிட்டார் இன்னும் பாதி வழியில் இருந்தது. வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஷீரும் பழக்கத்தில் "ஆமீன்" என்று சொல்லி வாசிப்பை நிறுத்திவிட்டார். அது தேவனைப் பற்றிய பாட்டும் அல்ல. நனைந்த கோழியைப் பற்றிய பாட்டு. நான் சபையாரைப் பார்த்து, கையைத் தாழ்த்தி, கிட்டார் முடியும் வரை பொறுக்குமாறு சைகை செய்தேன். பஷீர் விட்ட இடத்திலிருந்து முடித்தார்.

ஆற்றங்கரைப் பாட்டுக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் பாடி நிறுத்தி அசையாமல் நின்றேன். கிட்டார் ஓடியது, தளர்ந்தது, இறங்கியது, அமர்ந்தது. உர்சுலா அம்மையார் கைக்குட்டையை எடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

வெளியே வேன் அருகில் அண்ணன் நின்றிருந்தார். முகம் சரியில்லை.

"அந்தக் கடைசி எடத்த அவனுக்கு நீதான் சொல்லிக் குடுத்தியா?"

"ஆமாம் அண்ணா. அண்ணி வாசித்தபடியே."

"அது வாசிப்பு இல்லம்மா. ஸ்டெல்லாவுக்கு மோதிர வெரலு மடங்காது. அந்த எடத்துல வெரலு எட்டாம இழுத்து இழுத்து வெப்பா. பாடிட்டு வந்தா சுடுதண்ணில கைய வெச்சிக்கினு உக்காந்திருப்பா. உனக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லுவா." பஷீர் பக்கம் கையைக் காட்டிக் கேட்டார்: "நல்ல வெரலு இருக்கறவன ஏம்மா நொண்ட வெக்கிற?"

நான் படகைப் பற்றிச் சொன்னேன். இத்தனை வருடம் அந்தப் பாட்டை அடுத்த அறையிலிருந்து கேட்ட மனிதர் முதல் முறையாக, "எந்தப் படகு?" என்று கேட்டார். முழுக் கதையையும் சொன்னேன். கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டிருந்த பஷீர், "அண்ணே, அக்கா, ரெண்டு பேரும் பேசி ஒண்ணு சொல்லுங்க, அதும்படி வாசிக்கறேன். எனக்கு இப்ப பஸ்சு போயிடும்" என்றார்.

கடைசி வருடம் தங்கள் கை வீங்கியதை நான் அறிவேன். அதற்கு முன்பே வலி இருந்ததை அறியேன். நாம் முதன்முதலில் அந்தப் பாட்டைப் பாடியபோதே நிதானித்தீர்களா, அல்லது பிறகுதான் அது வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை. புத்தகத்தை விரித்துப் பார்த்தேன்; அந்த இடத்தில் மெதுவாக வாசிக்கும்படி எந்தக் குறியும் அச்சாகவில்லை. உர்சுலா அம்மையாரைக் கேட்டேன். சிலர் அங்கே நிதானிப்பார்கள், சிலர் ஓடவிடுவார்கள், இரண்டும் அவர்கள் நாட்டில் உண்டு என்றார். அது எனக்கு உதவவில்லை.

நேராக ஓடவிட்டால் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது, படகு வருவதில்லை. அந்தப் பெண் நின்றுகொண்டேதான் இருக்கிறாள். நிதானித்தால் படகு வருகிறது. ஆனால் அது தங்கள் வலியில் வந்த படகாக இருந்தால், அதில் எப்படி ஏறுவது அண்ணி? "நல்லா சொன்ன ஜெபா" என்றீர்களே, அது ஒப்புதலா? இல்லை, நான் மேலும் கேட்காமலிருக்கச் சொன்னதா?

வரும் மாதம் இரண்டாமாண்டு நினைவு ஜெபம் நம் வீட்டிலேயே நடக்கும். பஷீர் வருகிறார். அந்தப் பாட்டைப் பாடச் சொன்னது அண்ணன். கிட்டார் வீட்டுக்குள் வாசிக்கப்படலாம் என்றும் அவரே சொல்லிவிட்டார். கடைசி இடத்தை எப்படி வாசிப்பது என்று நான் கேட்டதற்கு, "அவளயே கேளு" என்றார். வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஆகவே கேட்கிறேன்.

தங்கள் பதில் எதுவாயினும் அதை அண்ணனிடம் மறைக்காமல் சொல்வேன் என்றும், பஷீருக்கு அப்படியே கற்றுக்கொடுப்பேன் என்றும், அது என் விளக்கத்துக்கு எதிராக இருந்தாலும் வாதாடமாட்டேன் என்றும் உறுதி கூறுகிறேன்.

ஜெபத்துக்கு முன் ஒத்திகை பார்க்க வேண்டியிருப்பதால், அது விரலா, படகா என்பதை மட்டும் எழுதினால் போதும். விரைவில் பதில் போடவும்.

இப்படிக்கு,
தங்கள் கணவரின் தங்கை, தங்கள் அன்பு நாத்தனார்
ஜெபமணி
மரக்காணம்