அம்மா நிற்க ஒரு வாசல்

அம்மாவுக்கு வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? நான் நலம், ஓட்டல் சோறு உடம்பில் ஒட்டுகிறது.

பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் விடப் பெற்றவள் போகக் கூடாது, அதனால் லியென் அக்கா கல்யாணத்துக்கு இந்தத் தீவுக்கே வரமாட்டேன் என்கிறாய். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நேற்று கல்யாணம் நடக்கப்போகும் எங்கள் ஓட்டலைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அத்தையிடமே கேட்டேன்.

“அத்தை, இது நான் வேலை பாக்குற ஓட்டல். இதுல மாப்பிள்ளை வீடு எங்க இருக்கு?”

“காலேஜ விட்டாலும் கேள்விய விடலயே நீ,” என்று சிரித்தவர் கொஞ்சம் யோசித்தார். “சரி, இந்த ஓட்டல் நடுவுல இருக்குற குளத்துக்கு அந்தப் பக்கம் எங்க வீடு, இந்தப் பக்கம் உங்க வீடு. சம்பந்தி அவங்க வாசல்லயே நின்னு பொண்ண அனுப்பட்டும்.”

அதனால் கிளம்பி வா. காலைப் படகில் ஏறு, மதியத்துக்கு மேல் அலை அதிகம். பின்வரிசையில் உட்கார்ந்தால் அவ்வளவு குலுங்காது. வெள்ளை உடுத்தாதே. விரால் கருவாடு கொஞ்சம் கொண்டுவா, இங்கே கிடைப்பது வெறும் உப்பு. என் பழைய போர்வையும் வேண்டும்.

அக்கா குளத்தைத் தாண்டிப் போனதும் நீ தனியாக நிற்க வேண்டாம். நான் இந்தப் பக்கம்தான் இருப்பேன்.

விருந்தாளிகள் வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

கியேன்