பூட்டின் மகள் பட்டியலில் இல்லை

மார்ச் 4

அன்புள்ள பூட்டுக்கு,

நான் நலம். நம் கிளப்பின் கோல் வாசலில் பதினோரு வருஷம் பூட்டாகத் தொங்கியவளே, நீ நலமா? உன் இடது முழங்கால் நலமா?

வேலை கிடைத்துவிட்டது. பெண்கள் தேசிய கால்பந்து அணிக்கு இனி நான்தான் பயிற்சியாளர். நேர்முகத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் முகாமில் இருந்தால் வீட்டை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒருவர் கேட்டார். "முன்னாடி இருந்த சார்கிட்டயும் இதைக் கேட்டீங்களா?" என்றேன். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்தார்கள்.

எனக்குக் கொடுத்திருப்பது போன மாதம் வரை பந்து போட்டுவைத்த அறை. பந்துகளுக்கு இன்னும் தகவல் போகவில்லை. கதவைத் திறந்தால் காலடிக்கு உருண்டு வருகின்றன. சட்டைகள் ஆண்கள் அளவில் வந்திருக்கின்றன. மைதான ஓரத்தில் ஓடும் எங்கள் விங்கர் போட்டுக்கொண்டால் முதுகில் இருக்கும் எண்ணில் பாதி கால்சட்டைக்குள் போய்விடுகிறது.

முகாமில் யாரிடமும் போன் இருக்கக் கூடாது என்று முதல் நாளே சட்டம் போட்டேன். எல்லோரிடமும் வாங்கிய பிறகு கேப்டன் என் முன்னால் பெட்டியை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். அதனால்தான் கடிதம்.

உன் மகள் நலம். நான்கு கோல்கீப்பர்கள் வந்திருக்கிறார்கள், மூன்று பேருக்குத்தான் இடம். என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறாள். ஒருநாள் வாய் தவறிப் பெரியம்மா என்றுவிட்டாள். மைதானத்தை இரண்டு சுற்று ஓடவைத்தேன்.

உன்,
வெட்டுக்கிளி

மார்ச் 12

அன்புள்ள வெட்டுக்கிளிக்கு,

தபால் நிலையத்தில் வேலை பார்ப்பதில் ஒரு சௌகரியம், கடிதம் வீட்டுக்கு வரும் வரை காத்திருக்க வேண்டாம். கவுண்டரிலேயே பிரித்துப் படித்தேன். வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள். ஒரு பெரியவர் முணுமுணுத்தார். தேசிய அணி சம்பந்தப்பட்ட தபால் என்றேன், அடங்கிவிட்டார்.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மழை வருமா என்று என் முழங்காலைக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் தெருவில் துணி காயப்போடுகிறார்கள்.

நான் சிபாரிசு செய்கிறவள் இல்லை, உனக்கே தெரியும். ஆனாலும் உயரமாக வரும் பந்துக்கு அவள் வெளியே வரும் அழகைக் கவனி. இடது பக்கம் பாய்வதையும் கவனி. நாலு வயதில் கதவுக்கு நடுவே நிறுத்தி, உருளைக்கிழங்கை எறிந்து பழக்கிய கை அது. சமைக்க ரெண்டையாவது மிச்சம் வை என்று அவள் அப்பா அன்றைக்கே கெஞ்சினார். தேசிய அணியில் நான்கு வருஷம் நான் பெஞ்சைச் சூடாக்கியதோடு சரி. ஒரு நிமிஷம்கூடக் களத்தில் இறக்கிவிடவில்லை. அவளாவது நிற்கட்டும். இது சிபாரிசு இல்லை.

உன்,
பூட்டு

ஏப்ரல் 2

அன்புள்ள பூட்டுக்கு,

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. இன்று காலை பட்டியல் ஒட்டினேன். உன் மகள் பெயர் அதில் இல்லை.

முடிவு என்னுடையது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, அவளைத் திட்டாதே. நாளை ரயில் ஏறுகிறாள். சாப்பாடு போடு. எதையும் கேட்காதே.

உன்,
வெட்டுக்கிளி

ஏப்ரல் 6

மதிப்பிற்குரிய பயிற்சியாளர் அவர்களுக்கு,

தங்கள் 2ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. மகளும் கிடைத்தாள். இரண்டும் சேதமின்றி வந்து சேர்ந்தன.

நான் பிடித்து எறிந்த பந்தைத் தாங்கள் கோலாக்கி, மறுநாள் பத்திரிகையில் தங்கள் படம் மட்டும் வந்த காலத்திலும் நான் வாய் திறந்ததில்லை. இப்போதும் சொல்ல ஒன்றுமில்லை. பதில் தேவையில்லை.

இப்படிக்கு,
கவுண்டர் எண் 3

ஏப்ரல் 24

அன்புள்ள பூட்டுக்கு,

பதில் தேவையில்லை என்றாய். இதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே.

முதல் ஆட்டம் மூன்றுக்குப் பூஜ்யம். பூஜ்யம் நாங்கள். மூன்றாவது கோல் போனபோது எங்கள் கோல்கீப்பர் ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருந்தாள். எங்கே தவறு நடந்தது என்று நிருபர் கேட்டார். பந்து மூன்று தடவை உள்ளே போனதுதான் தவறு என்றேன். மறுநாள் அதைத் தலைப்பாகவே போட்டுவிட்டார்கள். கால்பந்து சங்கத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது.

எல்லோரும் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள், அதுதான் பயமாக இருக்கிறது. தோற்ற நாளில் உடை மாற்றும் அறைக்குள் நுழைந்ததுமே நீ ஆரம்பிப்பாயே, அந்தத் திட்டுக்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

உன்,
வெட்டுக்கிளி

மே 10

அடி வெட்டுக்கிளி,

உன்மேல் சங்கத்துக்கு மூன்று பக்கம் புகார் எழுதினேன். படித்தவர்கள் கைக்குப் போவது, பிழை இருக்கக் கூடாதே என்று மகளிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னேன். முதல் பக்கத்தில் நான்கு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினாள். இரண்டாம் பக்கத்தில் உன்னை நன்றி கெட்டவள் என்று எழுதியிருந்த இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"பெரியம்மா என்னைத் தள்ளலைம்மா. விளையாட இஷ்டமான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். உன்கிட்ட சொல்ல பயமா இருக்குன்னும் சொன்னேன். பழி என்மேல இருக்கட்டும், நீ வீட்டுக்குப் போன்னாங்க."

அடுப்படியிலிருந்து அவள் அப்பா எட்டிப் பார்த்தார். அவருக்கு முன்பே தெரியுமாம். எதிர்வீட்டுக்காரிக்கும் தெரியுமாம். பூட்டுக்கு மட்டும்தான் தெரியவில்லை.

பந்து வரும்போதெல்லாம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றுமாம். எத்தனை வருஷமாக என்று கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. அத்தனை ஆட்டத்திலும் கோலுக்குப் பின்னால் நின்று கத்தியவள் நான்தான். இஷ்டமா என்று ஒருநாளும் கேட்கவில்லையடி. நீ கேட்டிருக்கிறாய்.

உன்னிடம் வேறு என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதாதே. அவளாகச் சொல்லட்டும், காத்திருக்கிறேன்.

புகாரைக் கிழிக்கவில்லை. நல்ல காகிதம், பின்பக்கம் காலியாக இருந்தது, அதில்தான் இதை எழுதுகிறேன். திருப்பிப் பார்க்காதே. பார்க்காமல் இருக்கமாட்டாய்; மூன்றாம் பத்தியை மட்டும் விட்டுவிடு.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு நானும் மகளும் வருகிறோம். பயமில்லாமல் ஓர் ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்கப்போவது இதுதான் முதல் தடவை என்கிறாள். எங்கே உட்காரலாம் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். கோலுக்குப் பின்னால் தவிர எங்கே சொன்னாலும் சரி.

உன்,
பூட்டு