லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்

5-5-92, செவ்வாய்

கத்தரி ஆரம்பம். காலை ஏழு மணிக்கே ஸ்டியரிங் சுடுகிறது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் கலா எழுதுகிறாள். டயர் கடையில் கொடுத்த டைரி, நாலு மாசமாகச் சும்மா கிடந்தது. எனக்கு எதுவும் மறக்காது. ஆனால் சொன்னால் நம்ப ஆள் வேண்டும், அதற்குத்தான் இது.

முதலாளி சந்தானம் புதுச் சட்டம் போட்டிருக்கிறார். மாடம்பாக்கத்தில் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்று, நாலு டிப்பர் லாரி வாங்கிய ஆள். மலைக் குவாரியில் ஜல்லி ஏற்றி, வீடு கட்டுகிற இடத்தில் கொட்டுவது எங்கள் வேலை. நடைக்கு இவ்வளவு என்று பேட்டா. டீசல் முதலாளி பொறுப்பு. முப்பத்தெட்டு வருஷம், ஏழு முதலாளி, எல்லாரிடமும் அப்படித்தான். இனிமேல் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓட்டிக் காட்ட வேண்டுமாம். வண்டி அதற்கு மேல் குடித்தால் டிரைவர் பேட்டாவில் பிடித்தம்.

"குவாரியில கியூ நிக்கிறோம். வண்டி ஓடாது, இஞ்சின் ஓடும். பாடியத் தூக்கி ஜல்லி கொட்டுறதும் இஞ்சின்தான். அது மீட்டர்ல எங்கங்க ஏறும்?" என்று கேட்டேன்.

"பெரியவரே, டீசல கேன் கேனா வெளிய வித்தா மைலேஜ் எப்படி வரும்?"

நாலு பேர் முன்னால். சிரிப்பு வேறு. வண்டியில் பூவும் பழமும் வைத்து ஆயுத பூஜை போட்ட கையைத் திருட்டுக் கை என்கிறான்.

"நான் ஒத்துக்கலை" என்றேன். "நீங்கதான் கைநாட்டு வச்சிருக்கீங்களே" என்று ஒரு பேப்பரை ஆட்டிக் காட்டினார்.

போன சனிக்கிழமை. பேட்டா வாங்கும்போது கிளார்க் இரண்டு இடத்தில் கட்டைவிரல் கேட்டான். எப்போதும் ஒரே இடம். சீட்டுக்கு அடியில் இன்னொரு சீட்டு. பசி. இட்லிக்காரி கிளம்பிவிடுவாளே என்ற அவசரம். கேட்காமல் வைத்தேன். முட்டாள், முட்டாள். கலா இரண்டு தடவை எழுது.

6-5-92, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. குடம் ஆறும் காலி. கடைவாய்ப் பல் வலி, கிராம்பு வைத்தேன்.

முதலாளி காலையில் டாங்கில் குச்சி விட்டு ஈரத்தைப் பார்க்கிறார். என்னமோ டாக்டர் மாதிரி.

9-5-92, சனி

எனக்குப் பிடித்தம். மற்ற இரண்டு பேருக்கும் பிடித்தம். நாலாவது டிரைவர் அந்தோணிக்கு மட்டும் லிட்டருக்கு நாலரை வந்திருக்கிறது.

"அந்தோணி வண்டி மட்டும் தண்ணியிலயா ஓடுது?" என்று முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டார். அந்தோணி தலையைத் தூக்கவில்லை.

எதில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். குவாரி கேட்டைத் தாண்டினால் ஒரே இறக்கம். அங்கே எஞ்சினை அணைத்து நியூட்ரலில் போட்டுவிடுகிறான். லோடு வண்டி தானே உருண்டு மெயின் ரோடு வரைக்கும் வந்துவிடும். சொட்டு டீசல் செலவில்லை. ஆனால் எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் காற்றும் இல்லை. நாலு தடவை மிதித்தால் தீர்ந்தது. நாலு வண்டியிலும் பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது என்று தை மாசத்திலிருந்து முதலாளியிடம் கத்திக்கொண்டிருக்கிறேன். "பாத்துக்கலாம்."

டீக்கடையில் அந்தோணியைப் பிடித்தேன். அனகாபுத்தூர்க்காரன், நாற்பது வயசு, இரண்டு பெண் பிள்ளை.

"டேய், சாவப் போறியா?"

"இன்னா நைனா, காலங்காத்தால நல்ல வார்த்தை."

"இஞ்சின ஆஃப் பண்ணிகினு வராத."

"நீ பேட்டாவ வுட்டுட்டு வூட்டுக்குப் போவ. உன் பொண்ணு சம்பாரிக்குது. என் பொண்ணுங்களுக்கு அடுத்த மாசம் ஸ்கூல் தொறக்குது. உன் புத்திமதிய டாங்க்ல ஊத்துனா வண்டி ஓடுமா?"

நானும் செய்தவன்தான். அறுபத்தொன்றில், வாணியம்பாடி தாண்டி ஓர் இறக்கத்தில். வெல்லம் லோடு. மாட்டு வண்டி குறுக்கே வந்தது. இரண்டு மாடு. ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளை. வண்டிக்காரன் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, மாட்டின் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதை அந்தோணியிடம் சொல்லியிருக்க வேண்டும். கோபத்தில் டீக்குக் காசு வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

11-5-92, திங்கள்

அந்தோணி போய் மோதிவிட்டான்.

இரண்டாவது நடை, பத்தரை மணி. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். இறக்கத்தில் முன்னால் அவன் வண்டி. சத்தமே இல்லாமல் போகிறது. பிரேக் விளக்கு எரிகிறது, அணைகிறது, எரிகிறது. வேகம் குறையவில்லை. வளைவில் ஆள் யாரும் இல்லாத பக்கமாகப் பாறையில் கொண்டுபோய் விட்டான். கீழே கல் உடைக்கிற பெண்கள் பத்துப் பேர். அவர்கள் பக்கம் திருப்பவில்லை. அதை யாராவது எழுதுவார்களா? கலா, எழுது.

உயிர் இருக்கிறது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. குவாரி ஆட்கள் இறக்கி, மண்ணெண்ணெய் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவன் சோத்து டப்பாவை எடுக்கிறேன் என்று நான் கேபினில் ஏறினேன். டப்பாவை எடுத்தேன். இன்னொன்றும் செய்தேன். இப்போது சொல்ல வாய் வரவில்லை. போதும்.

12-5-92, செவ்வாய்

ஆஸ்பத்திரி. காலை எடுத்துவிட்டார்கள். அந்தோணிக்கு இன்னும் தெளியவில்லை. அவன் மனைவி ஸ்டெல்லா அந்த டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்திருக்கிறாள்.

முதலாளி ஆப்பிள் வாங்கி வந்தார். கூடவே அந்தப் பேப்பர்.

"நியூட்ரல்ல வந்தா இப்படித்தாம்மா. நானா வரச் சொன்னேன்? வண்டி போச்சே, அதுக்கு யார் பதில் சொல்றது?"

பேப்பரைப் பிடுங்கி, கூட வந்திருந்த கலாவிடம் கொடுத்தேன். சத்தமாகப் படித்தாள். நாலாவது வரி: டிரைவரின் கவனக்குறைவால் வண்டிக்கு வரும் சேதம் டிரைவரையே சேரும், முதலாளி எந்த நஷ்டஈடும் தர வேண்டியதில்லை. கீழே அந்தோணி கையெழுத்து. அதற்குக் கீழே என் கட்டைவிரல், மை அப்பி.

ஆக, நியூட்ரல் என்று ஆகிவிட்டால் கால் போனவன்தான் லாரிக்குப் பணம் கட்ட வேண்டும்.

"ஆப்பிளை எடுத்துட்டுப் போங்க" என்றாள் ஸ்டெல்லா.

13-5-92, புதன்

பல்வலி இல்லை. பல்லே விழுந்துவிட்டது.

கலா நேற்றே கேட்டாள், கேபினில் என்னப்பா செய்தாய் என்று. சொல்கிறேன். கியர் நியூட்ரலில் இருந்தது. எஞ்சினை அணைக்கும் குமிழ் வெளியே இழுத்தபடி. குமிழை உள்ளே தள்ளினேன். கிளச்சை மிதித்து மூன்றாம் கியரில் போட்டேன். சீட்டெல்லாம் ரத்தம்.

கலா பேனாவை நிறுத்திவிட்டாள். "இத எழுதணுமாப்பா?"

எழுது. உள்ளது உள்ளபடி ஓர் இடத்திலாவது இருக்கட்டும்.

பதினொரு மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் குவாரிக்கு வந்தார். கூட ஒரு போலீஸ்காரர். சக்கரத்தைக் கழற்றினார்கள். லைனிங் அப்பளம் மாதிரி.

"இத எப்ப மாத்துனீங்க?"

முதலாளி கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தார்.

"பெரியவரே, பின்னால வந்தது நீங்கதானே? எந்த கியர்ல வந்தான்?"

"தேர்டுல சார். பிரேக்கு புடிக்கலை."

"பொய் சார்!" முதலாளி குதித்தார். "தினமும் நியூட்ரல்லதான் வருவான். குவாரிக்கே தெரியும்!"

இன்ஸ்பெக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "தினமும் தெரியுமா? தெரிஞ்சும் ஏன் வண்டிய அவன் கையில குடுத்தீங்க?"

முதலாளி மறுபடி கர்சீப்பை எடுத்தார்.

போலீஸ்காரர் நான் சொன்னதை எழுதி, மை டப்பாவைத் தள்ளினார். படிச்சுக் காட்டுங்க என்றேன். படித்தார். இன்னொரு தடவை என்றேன். முறைத்துக்கொண்டே படித்தார். அடியில் வேறு பேப்பர் இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தேன். இல்லை. இரண்டு தடவையும் மூன்றாம் கியர் என்றுதான் இருந்தது.

விரலை வைத்தேன்.